கத்தரிப்பூவின் முன் பத்து நிமிடம்

ஒரு பூவின் மகரந்தப்பையில் விளையும் தூள் அதே இனப் பூவின் சூலகமுடியைச் சென்றடைவதே மகரந்தச் சேர்க்கை என்பதையும், அது ஒரே செடிக்குள் நிகழ்ந்தால் தன் மகரந்தச் சேர்க்கை என்றும் வேறொரு செடியிலிருந்து வந்தால் அயல் மகரந்தச் சேர்க்கை என்றும் பெயர் பெறும் என்பதையும், பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் ஒருமுறையேனும் எழுதித் தேறியிருப்பார். பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகங்களைக் குறிப்பதும், காற்று, நீர், பூச்சி, பறவை எனக் கடத்திகளை வகைப்படுத்துவதும் தேர்வுக்குப் பழகிப்போன வினாக்கள். ஆயினும் அன்று மதியம் உண்ட உணவில் எது பூச்சியின் உழைப்பால் விளைந்தது, எது அதன் உதவி சிறிதும் இன்றி விளைந்தது என்று கேட்டால் அதே மாணவர் தடுமாறுவதற்கே வாய்ப்பு மிகுதி. ஏனெனில் தாவரவியல் பாடமும் உணவுத் தட்டும் ஒன்றையொன்று அறியாத இரு வேறு உலகங்களாகவே அவருக்கு அறிமுகமாகியுள்ளன.

இந்த இடைவெளியைப் பதின்பருவத்திலேயே மூடியாக வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. இன்றைய தேவையை நிறைவு செய்யும்போதே மண்ணையும் நீரையும் உயிரினங்களையும் நாளைய விளைச்சலுக்கு உரியவையாக விட்டுவைக்கும் உணவுமுறையையே நீடித்த உணவுமுறை என்கிறோம். அதைப் பற்றிய முடிவுகளை, அதாவது எதைப் பயிரிடுவது, எதை வாங்குவது, எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்பவற்றை, இன்னும் சில ஆண்டுகளில் எடுக்கப்போகிறவர்கள் இன்று எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் அமர்ந்திருப்பவர்களே. மேலும், சிறுவயதின் வியப்பு முற்றும் அகலாமலும், சான்று கேட்கும் மனம் விழித்தெழுந்தும் இருக்கிற வயது அது. அந்த வயதினரிடம் ‘தேனீயைக் காப்போம்’ என்ற முழக்கத்தோடு தொடங்கும் கல்வி ஒரு சுவரொட்டியோடு முடிந்துவிடுகிறது. பூவின் முன் அமர்ந்து வருவோரை எண்ணிப் பதிவு செய்வதில் தொடங்கும் கல்வியோ அவர்களே கேள்வி எழுப்பும் நிலைக்கு அவர்களைக் கொண்டு செல்கிறது.

சாம்பாரின் கணக்கு

பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பரிமாறப்படும் ஒரு தட்டுச் சாம்பார் சாதத்தைவிடப் பொருத்தமான பாடநூலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதில் பெரும்பங்கு வகிக்கும் அரிசி, பூச்சியை நம்பாத பயிர். நெற்பூ சில மணி நேரமே விரிந்திருந்து, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. கோதுமை தன் மகரந்தத்தாலும், சோளமும் மக்காச்சோளமும் காற்றும் தன் மகரந்தமும் கொண்டும் மணி பிடிப்பதால், வயிற்றை நிரப்பும் தானியங்களின் உலகில் தேனீக்கு ஏறக்குறைய வேலையே இல்லை எனலாம்.

பருப்பில் இறங்கியதும் கணக்கு மாறத் தொடங்குகிறது. துவரைப்பூ தன் மகரந்தத்தாலும் காய்க்க வல்லது. எனினும் அதன் மஞ்சள் இதழ்களைத் தேடி இலைவெட்டித் தேனீக்களும், அதாவது இலைகளை வட்டமாக நறுக்கிச் சென்று கூட்டின் அறைகளை அமைக்கும் தனித் தேனீக்களும், மலைத்தேனீக்களும் வருவதால் குறிப்பிடத்தக்க அளவில் அயல் மகரந்தச் சேர்க்கையும் நிகழ்கிறது. சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயோ பூச்சியின் வருகையைப் பெரிதும் சார்ந்தது. ஊர்ப்புறத்தில் கருவண்டு என்றே அறியப்படுகிற, கறுத்துப் பருத்த தச்சுத் தேனீ, முருங்கைப்பூவுக்கு வரும் முதன்மையான விருந்தாளி. பரங்கிக்காய் எனில் சார்பு முழுமையானது. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூப்பதாலும், அதன் மகரந்தம் காற்றில் பறக்க இயலாத அளவு கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதாலும், யாரேனும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து சென்றாலொழிய ஒரு காய்கூடப் பிடிக்காது. கொத்தமல்லி விதையும் கடுகும் தேனீக்களாலும் ஈக்களாலும் பயன்பெறுகின்றன. புளியமரத்தின் சிறுபூக்களையும் தேனீக்கள் நாடுகின்றன. மஞ்சளோ கிழங்கிலிருந்து கிழங்காகப் பெருகுவதால் இவ்விவகாரத்தில் சேர்வதே இல்லை. நல்லெண்ணெய் தரும் எள் பெரிதும் தன் மகரந்தத்தால் காய்ப்பதாயினும், தேனீ வருகையுள்ள வயலில் அதன் காய்ப்புக் கூடுகிறது. நிலக்கடலை பூ விரியும் முன்பே பெரும்பாலும் கருவுற்றுவிடுகிறது. சூரியகாந்திக்கோ தேனீ இன்றியமையாதது.

இப்படி ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பார்க்கும் மாணவர்கள் இரண்டு உண்மைகளைத் தாமாகவே சென்றடைவார்கள். கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் போன்றவற்றில் உண்ணப்படும் பகுதிக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு விதை வேண்டுமெனில் பூச்சி வந்தாக வேண்டும் என்பது ஒன்று. வாழைப்பழம் போல விதையின்றிக் கனியும் பயிர்களுக்கு மகரந்தமே வேண்டாம் என்பது மற்றொன்று. பழங்களின் பக்கம் திரும்பினால் தேனீ மட்டுமே உழைப்பாளி அல்ல என்பதும் விளங்கும்: மாம்பூவில் மகரந்தம் கடத்தும் பணியைப் பெரிதும் ஈக்கள் செய்கின்றன, சீத்தாப்பூவுக்குள் நுழைந்து வெளிவருபவை மிகச்சிறிய வண்டுகள், பப்பாளிப்பூவை அந்தி வேளையில் அந்துப்பூச்சிகள் நாடுகின்றன, இலுப்பைப்பூவுக்கும் இலவம்பூவுக்கும் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன, கோக்கோவின் மகரந்தத்தைக் கொசுவினும் சிறிய ஒருவகை ஈ கடத்துவதால்தான் சாக்லேட் என்ற பண்டமே சாத்தியமாகிறது.

பீதியைக் கற்பிக்க வேண்டாம்

தேனீக்கள் அழிந்தால் மனிதகுலம் நான்கே ஆண்டுகளில் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் எச்சரித்ததாகப் பள்ளி நிகழ்ச்சிகளில் தவறாமல் சொல்லப்படுகிறது. அவர் அவ்வாறு சொன்னதற்கோ எழுதியதற்கோ சான்றில்லை; அவர் 1955இல் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தேனீ வளர்ப்போர் நடத்திய போராட்டத்தின்போது பரவிய துண்டறிக்கையின் வழியாகவே இக்கூற்று பரவலானது. நெல்லும் கோதுமையும் பூச்சியை எதிர்பார்க்காதவை என்பதைச் சாம்பார்த் தட்டிலேயே கண்டறிந்த மாணவர், அந்தக் கூற்று ஏன் பொருந்தாது என்பதை எவர் துணையுமின்றி விளக்கிவிடுவார். நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்படும் பொய்யும் பொய்யே என்பதாலும், மிகைப்படுத்தலை ஒருநாள் கண்டுபிடிக்கும் இளைஞர் அதனோடு சேர்ந்த உண்மையையும் தூக்கி எறிந்துவிடக்கூடும் என்பதாலும், இவ்விடத்தில் ஆசிரியர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

உண்மை எண்களே போதிய அளவு கனமானவை. 2007இல் வெளியான ஓர் ஆய்வு உலகின் முன்னணி உணவுப் பயிர்கள் 115ஐ ஆராய்ந்து, அவற்றுள் 87 பயிர்கள் ஏதோ ஓரளவில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையால் பயனடைகின்றன என்று கண்டது. அளவில் நோக்கினால் உலக உணவு உற்பத்தியில் சுமார் 35 விழுக்காடு இப்பயிர்களிலிருந்து கிடைக்கிறது. ஆயினும் இப்பயிர்களில் பல ஓரளவே பூச்சியைச் சார்ந்தவை என்பதால், பல்லுயிர் பற்றிய அறிவியலைத் தொகுத்து அரசுகளுக்கு வழங்கும் பன்னாட்டுக் குழு 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, மொத்த விளைச்சலில் நேரடியாக இவ்வுயிரினங்களால் மட்டுமே கிடைக்கும் பங்கை 5 முதல் 8 விழுக்காடு என வரையறுத்தது. முக்கால் பங்குப் பயிர்கள், மூன்றில் ஒரு பங்கு அளவு, பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவான நேரடி விளைவு ஆகிய மூன்று எண்களும் ஒருங்கே எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று பதினொன்றாம் வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதித்தால், புள்ளிவிவரத்தை வாசிக்கும் கலை அங்கேயே கைவந்துவிடும். அந்தச் சிறிய விழுக்காட்டுக்குள் அடங்குபவை காயும் கனியும் கொட்டையும் என்பதால், வைட்டமின் ஏ, வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற நுண்சத்துகளின் பெரும்பகுதி அதைச் சார்ந்தே இருக்கிறது என்பது விவாதத்தின் மறுபாதி. பூச்சிகள் குறைந்தால் சோற்றுப்பானை காலியாகாது. அதனோடு உண்ணும் குழம்பும் பொரியலும் வெளிறிப்போகும், அவற்றின் விலை ஏறும், அந்த விலையைத் தாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளின் உடலில் அந்தக் குறை முதலில் தெரியும்.

பூச்சிகள் உண்மையிலேயே குறைகின்றனவா என்பதற்கு ஜெர்மனியிலிருந்து கிடைத்த சான்று அறிவுலகையே உலுக்கியது. கிரேஃபெல்டு நகரின் பூச்சியியல் சங்கத்தினர் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே வகைப் பொறிகளை வைத்துச் சேகரித்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை, 1989 முதல் 2016 வரையிலான 27 ஆண்டுகளில் 76 விழுக்காடு சரிந்திருந்தது. இத்தகைய முடிவு கிடைத்ததற்குக் காரணம், அச்சங்கத்தினர் ஆண்டுக்காண்டு சலிக்காமல் எடை போட்டு எழுதி வைத்ததே. அப்படி எழுதி வைக்காத நிலத்தில் என்ன குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று பின்னாளில் எவராலும் சொல்ல முடியாது.

தேன்பெட்டி வைத்தால் முடிந்துவிடுமா?

மகரந்தச் சேர்க்கை என்றதும் பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் தோன்றும் முதல் செயல் ஒரு தேன்பெட்டியை நிறுவுவது. தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு இருக்கிறது: திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை நியூட்டன் 1910களில் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார், 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் வீட்டுத் தொழிலாக்கியது. அதே மாவட்டம் இக்கல்விக்கு இரண்டு அரிய பாடங்களையும் தருகிறது. அங்கு எடுக்கப்படும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்தே கிடைப்பதில்லை. ரப்பர் மரத்தின் இளந்தளிர்களில், இலைக்காம்பின் நுனியில் அமைந்த சுரப்பிகள் கசியும் இனிப்புநீரைத் தேனீக்கள் திரட்டித் தேனாக்குகின்றன. தேன் உற்பத்தியும் மகரந்தச் சேர்க்கையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டாவது பாடம் துயரமானது: தாய்லாந்தில் 1976இல் அறியப்பட்ட, புழுக்களைப் பைபோல் வீங்கச் செய்து கொல்லும் வைரஸ் நோய் 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவியபோது, பெட்டிகளில் வளர்ந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை மடிந்தன. ஒரே இனத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது கண்கூடாயிற்று.

மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ என்றும் அழைக்கப்படும் இந்தியத் தேனீ, வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ, கொட்டாத கொசுத்தேனீ ஆகிய ஐந்தையும் மாணவர்கள் ஓரளவு அறிந்திருக்கக்கூடும். உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேற்பட்டவை என்பதும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமலும் தேன் சேர்க்காமலும், ஒவ்வொரு பெண் தேனீயும் தனியே தனக்கெனக் கூடமைத்து வாழ்பவை என்பதும் அவர்களுக்குப் புதிய செய்தியாகவே இருக்கும். இத்தனித் தேனீக்களின் பங்கை உணர்த்த வல்ல செடி கத்தரி. கத்தரிப்பூவின் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் பிளப்பதில்லை. உப்புச்சாடியின் மூடியில் இருப்பது போல நுனியில் சிறுதுளைகள் மட்டுமே உண்டு. பூவைத் தழுவியபடி தன் பறக்கும் தசைகளை நொடிக்குச் சில நூறு முறை அதிர வைக்கும் தேனீயால் மட்டுமே அத்துளைகளின் வழியே தூளை நன்கு உதிர்க்க முடியும்; இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். பெட்டித் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும், வயிற்றில் நீல வரிகள் கொண்ட தனித் தேனீக்கும், தரையில் வளை தோண்டும் வேறு சில இனங்களுக்கும் தெரியும். கத்தரி தன் மகரந்தத்தாலும் ஓரளவு காய்க்கும் என்றாலும், இவ்வருகை உள்ள செடிகளில் காய்ப்பு மேம்படுகிறது. தக்காளிப்பூவின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

இதை வகுப்பில் செய்து காட்ட எந்தச் செலவும் இல்லை. இயற்பியல் ஆய்வகத்தில் ஒலியலைப் பாடத்துக்காக வைத்திருக்கும் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதிரும் கவையை அன்று விரிந்த கத்தரிப்பூவின் மகரந்தப்பைகளில் மெல்லத் தொட்டு, கீழே கறுப்புத்தாளைப் பிடித்தால், மஞ்சள் தூள் உதிர்வதைக் கண்ணால் காணலாம். அதிராத கவையால் தொட்ட பூவிலிருந்து ஏறக்குறைய எதுவும் உதிராது. இயற்பியலும் தாவரவியலும் ஒரே மேசையில் சந்திக்கும் இச்சிறு சோதனை, பக்கம் பக்கமான விளக்கத்தைவிட ஆழமாகப் பதியும்.

இளையோரின் கண்டுபிடிப்புகள்

பதின்பருவத்தினரை அறிவியலின் நுகர்வோராக மட்டுமே நடத்தும் பழக்கம் வரலாற்றின் முன் நிற்காது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வனிலாக் கொடி இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதன் பூவைக் கையாளத் தெரிந்த தேனீக்கள் அங்கு இல்லாததால் கொடி செழித்தும் காய் பிடிக்கவில்லை. 1841இல், அத்தீவில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், மகரந்தத்தையும் சூலகமுடியையும் பிரிக்கும் மெல்லிய மடலை ஒரு சிறு குச்சியால் தூக்கிப் பெருவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தும் முறையைக் கண்டறிந்தான். உலகின் வனிலா உற்பத்தி இன்றளவும் அந்த விரலசைவையே நம்பி நடக்கிறது. கண்டறிந்தவருக்கோ 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை மட்டுமே கிட்டியது, செல்வம் கிட்டவில்லை, 1880இல் வறுமையிலேயே மறைந்தார். பூச்சியின் உழைப்பு இல்லாத இடத்தில் அது மனித உழைப்பாகவும், வரலாற்றின் சில இடங்களில் அடிமை உழைப்பாகவும் மாறியது என்பதை இதே வயது மாணவர்கள் அறிவது நல்லது.

மற்றொரு சான்று இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள பிளாக்காட்டன் என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளியிலிருந்து கிடைக்கிறது. எட்டு முதல் பத்து வயது வரையிலான 25 குழந்தைகள், பியூ லாட்டோ என்ற நரம்பியல் அறிஞரின் துணையோடு, பம்பிள் தேனீக்கள் இனிப்புள்ள பூவைக் கண்டுபிடிக்க நிறத்தை மட்டும் பார்க்கின்றனவா, நிறங்கள் அமைந்துள்ள ஒழுங்கையும் பார்க்கின்றனவா என்ற கேள்வியைத் தாமே வகுத்துச் சோதனை நடத்தினர். தேனீக்கள் இரண்டையும் கற்றுக்கொள்ள வல்லவை என்ற முடிவு, குழந்தைகளின் சொந்த நடையிலும் வண்ணப்பென்சில் படங்களோடும் 2010 டிசம்பரில் ராயல் சொசைட்டியின் பயாலஜி லெட்டர்ஸ் ஆய்விதழில் வெளியாயிற்று. முந்தைய ஆய்வுகளின் பட்டியல் ஏதும் அக்கட்டுரையில் இல்லை, ஏனெனில் குழந்தைகள் நூல்களிலிருந்தன்றிப் பூச்சிகளிடமிருந்தே கேள்வியைப் பெற்றனர். அவர்களைவிட நான்கைந்து வயது மூத்தவர்களால் இயலாதது என்ன?

எளிய முறைகள் ஏற்கெனவே உருவாகியுள்ளன. பிரிட்டனில் 2017 முதல் நடைபெறும் மகரந்தச் சேர்க்கையாளர் கண்காணிப்புத் திட்டத்தில், பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் கொண்ட ஒரு சதுரத்துக்குள் இருக்கும் குறிப்பிட்ட பூக்களுக்குப் பத்து நிமிடத்தில் எத்தனை பூச்சிகள் வருகின்றன என்று எவரும் எண்ணிப் பதியலாம். அமெரிக்காவில் கிரெட்சன் லீபூன் 2008இல் தொடங்கிய திட்டம், ஒரே வகைச் சூரியகாந்தியைப் பல்லாயிரம் தோட்டங்களில் விதைக்கச் செய்து தேனீ வருகையை எண்ண வைத்தது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், மரங்கள் துளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் வாரந்தோறும் குறித்து வைக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவர்களே பெரும்பங்கு வகிக்கின்றனர். இவை எவற்றிலும் பூச்சியின் அறிவியல் பெயர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. தேனீயா, ஈயா, வண்டா, வண்ணத்துப்பூச்சியா என்று பிரித்தறிந்தால் போதும், நேர்மையாக எண்ணினால் போதும். ஒன்றும் வராத பத்து நிமிடத்தைச் சுழியம் என்று எழுதுவதற்கு ஓர் ஒழுக்கம் வேண்டும். சுழியமும் ஒரு தரவு என்பதை மாணவர் உணரும் கணம் கல்வியில் மிக முக்கியமானது.

பள்ளி வளாகமே ஆய்வுக்களம்

மாநிலமெங்கும் பள்ளிகளில் இயங்கும் தேசியப் பசுமைப் படையும், மதிய உணவுத் திட்டத்தோடு இணைந்த காய்கறித் தோட்டங்களும் இருக்க, தனியாக ஓர் அமைப்பை உருவாக்க வேண்டிய தேவை எழவில்லை. தோட்டத்தில் பரங்கிக் கொடி ஒன்று இருந்தால் முழுமையான சோதனை நடத்தலாம். மறுநாள் விரியவிருக்கும் பெண்பூ மொட்டுகளை, அடியில் சிறு உருண்டையாகத் தெரியும் பிஞ்சைக் கொண்டு அடையாளம் கண்டு, மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும்: ஒரு குழுவை முதல்நாள் மாலையே மல்துணிப் பையால் மூடி அப்படியே விட்டுவிட வேண்டும், இரண்டாவதைத் திறந்தே விட வேண்டும், மூன்றாவதை மூடியிருந்து, விடியலில் திறந்து, ஆண்பூவின் மகரந்தத்தைக் கையால் தடவி மீண்டும் மூட வேண்டும். பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும் என்பதால் மாணவர்கள் காலை வழிபாட்டுக்கு முன்பே வந்தாக வேண்டும். சில நாள்களில் முதல் குழுவின் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிரும். இரண்டாம் குழுவுக்கும் மூன்றாம் குழுவுக்கும் இடையிலான வேறுபாடே உண்மையான செய்தி: கையால் தடவியவை நன்கு காய்க்க, திறந்து விட்டவற்றில் பல உதிர்ந்தாலோ கோணலாகக் காய்த்தாலோ, அந்த வளாகத்தில் பூச்சிகள் போதவில்லை என்று பொருள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் தேவை என்பதாலும், விதை உருவாகாத பக்கம் சதைப்பற்று வளராது என்பதாலும், காயின் வடிவமே வருகைப் பதிவேடாகிவிடுகிறது.

பாகற்பூ விடியலிலும், பீர்க்கம்பூ பொழுது சாயும் வேளையிலும், சுரைப்பூவும் புடலம்பூவும் இருட்டத் தொடங்கும்போதும் விரிகின்றன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கொடிகள் ஏன் நாளை இப்படிப் பங்கிட்டுக்கொண்டன, வெள்ளைப்பூக்கள் ஏன் இரவைத் தேர்ந்தன என்ற கேள்விகளை மாணவர்கள் கையில் விட்டுவிடலாம். அந்துப்பூச்சியைக் காண வீட்டுக்கொடியின் அருகே டார்ச் விளக்கோடு காத்திருந்தால் விடை ஓரளவு கிடைத்துவிடும்.

பூ மட்டும் போதாது, கூடும் வேண்டும் என்பதே பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடும் செய்தி. தனித் தேனீக்களில் பெரும்பாலானவை வெயில் படும் வெற்று மண்ணில் வளை தோண்டுகின்றன. கருவண்டு பட்டுப்போன கிளையையும் மூங்கிலையும் துளைக்கிறது. கொசுத்தேனீ பழைய சுவரின் பொந்திலும் மரப்பொந்திலும் வாழ்கிறது. பள்ளி வளாகத்தை அழகுபடுத்தும் ஆர்வத்தில் மண்ணெல்லாம் சிமென்டுத் தளமாகவும், பட்ட மரமெல்லாம் விறகாகவும், சுவர்ப் பொந்தெல்லாம் பூச்சு வேலையாகவும் மாறிவிட்ட பின், விலைக்கு வாங்கிய பூஞ்செடிகளை நட்டுவிட்டுத் தேனீ வரவில்லையே என்று காத்திருப்பது வீண். வேலியோரம் சில அடி நிலத்தைக் கொத்தாமல் விடுவதும், தும்பையும் துத்தியும் தாமாக முளைக்கும் மூலையைக் களை என்று பிடுங்காமல் விடுவதும், ஒரு மூங்கில் கட்டை நிழலில் தொங்கவிடுவதும் எந்த நிதி ஒதுக்கீடும் கேட்காத செயல்கள்.

கொட்டும் என்ற அச்சத்தை எள்ளி ஒதுக்கக் கூடாது. மலைத்தேனீக் கூட்டம் கலைந்தால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டும் போதும். ஆகவே உயரமான கட்டடத்திலோ மரத்திலோ அத்தகைய கூடு தென்பட்டால், கல்லெறியாமலும் புகையிடாமலும் அவ்விடத்தை மாணவர் நடமாட்டத்திலிருந்து விலக்கி வைப்பதே முதல் கடமை. நடமாட்டத்தைத் தவிர்க்கவே முடியாத இடமாயின் பயிற்சி பெற்றோரைக் கொண்டே அதைக் கையாள வேண்டும். மலைத்தேனீ பருவத்துக்கேற்ப இடம்பெயரும் இனம் என்பதால் சில மாதங்களில் அது தானாகவே கிளம்பிவிடும் என்பதை அறிந்த நிர்வாகம் தீப்பந்தத்தை நாடாது. கூட்டை அண்டாமல் பூவின் அருகே அமர்ந்திருப்பவரைத் தேனீ பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. பள்ளியில் கூடு ஒன்றை வளர்த்தே பார்க்க வேண்டுமெனில் கொட்டாத கொசுத்தேனீ உகந்தது. நீலகிரியில், செங்குத்தான பாறைகளில் மலைத்தேன் எடுக்கும் குறும்பர் போன்ற சமூகத்து இளையோருக்கு இப்பாடத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை 1990கள் முதல் அவ்வறிவோடு இணைந்து பணியாற்றி வருவதை மற்ற மாவட்டங்களின் கல்வியாளர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

மருந்தடிக்கும் நேரம்

கத்தரிச் செடிக்குத் திரும்பாமல் நீடித்த உணவு பற்றிய பாடம் முழுமை பெறாது. தண்டையும் காயையும் துளைக்கும் புழு காய்க்குள் ஒளிந்துகொள்வதால் தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. எட்டாததால் உழவர் மீண்டும் மீண்டும் தெளிக்க, காட்டுத் தேனீயால் பயன்பெறும் பயிரே மிகுதியாக நஞ்சு தெளிக்கப்படும் காய்கறிகளுள் ஒன்றாகியிருக்கிறது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள், அதாவது சாற்றில் கலந்து செடியின் எல்லாப் பாகங்களுக்கும் செல்பவை, மகரந்தத்திலும் பூந்தேனிலும் தங்கிவிடக்கூடியவை என்பதால், அம்மருந்தையும் அதன் வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது.

இதைக் கற்பிக்கும்போது உழவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அறமும் ஆகாது, பயனும் தராது. வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பலர் அவ்வுழவர்களின் பிள்ளைகள், அந்த வயலின் வருவாயில் படிப்பவர்கள். செயற்படக்கூடிய செய்தியே அவர்களுக்குத் தேவை: பூக்கும் பருவத்தில் காலையிலும் நண்பகலிலும் தெளிப்பதைத் தவிர்த்து, தேனீக்கள் கூடு திரும்பிய அந்தி வேளைக்குத் தள்ளிப்போடலாம், ஆண் அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை வைத்து, புழுவின் தாய்ப்பூச்சி பெருகுகிறதா என்று அறிந்த பின்பே மருந்தை எடுக்கலாம், புழு துளைத்து வாடிய நுனிகளைக் கிள்ளி அழிக்கலாம். தம் வயலில் பூ பூத்த நாளில் பத்து நிமிடம் எண்ணி வந்த எண்ணோடு பெற்றோரிடம் பேசும் மகளின் சொல்லுக்கு எந்த விழிப்புணர்வுப் பேரணிக்கும் இல்லாத எடை உண்டு.

காலக்கணக்கும் பெருமளவு சாதகமாகவே அமைந்துள்ளது. ஜூனில் பள்ளி திறக்கிறது; அதையொட்டி ஆடிப்பட்டத்தில் ஊன்றும் பரங்கி ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூத்து, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே சோதனையின் முடிவைக் காட்டிவிடும்; துவரை மழைக்காலம் கழிந்து பூக்கும்; தையிலும் மாசியிலும் மாமரம் பூத்து, ஈக்களை எண்ண வாய்ப்பளிக்கும். சிக்கல் ஒன்றே: வேம்பும் புங்கும் பூத்துத் தேனீக்கள் மொய்க்கும் பங்குனி, சித்திரையில் ஆண்டுத் தேர்வும் அதைத் தொடர்ந்து விடுமுறையும் வந்துவிடுகின்றன. அதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டருகே ஒரு வேப்பமரத்தைத் தேர்ந்து, கைக்கு எட்டும் தாழ்ந்த கிளை ஒன்றில் நூல் கட்டி, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் பத்து நிமிடம் எண்ணிக் குறித்து வரச் செய்தால், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் அந்த ஊரின் முப்பது நாற்பது மரங்களின் கணக்கு ஒரே மேசைக்கு வந்துசேரும். அடுத்த வகுப்பினர் தம் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆண்டின் பதிவு அங்கே இருக்கும்.